நிழலில் பூக்கும் சோலைக் காசித்தும்பை: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் இடம்பெறும் கேள்விகள் பெரும்பாலும் நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து வாசகர்கள் அனுப்பியவை. சோலைக் காட்டின் பூச்செடிகளை வீட்டு நிழலில் வளர்ப்பது பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

வீட்டின் வடக்குப் பக்கத்தில் 20 அடி நீளத்துக்கு வெயிலே படாத இடம். ரோஜா, ஜெரேனியம் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று; இலைதான் வருகிறது, பூ இல்லை. நம் மலைக்கே உரிய நிழல் பூச்செடி உண்டா?
– வாசகி, குன்னூர்

ரோஜாவும் ஜெரேனியமும் வெயில் செடிகள். அவற்றை நிழலில் வைத்துவிட்டு உரத்தை மாற்றிப் பயனில்லை. உங்கள் இடத்துக்குப் பொருத்தம் சோலைக் காசித்தும்பை. நர்சரியில் பால்சம் என்பார்கள். கீழ்நாட்டு வீடுகளில் விதை போட்டு மூன்று நான்கு மாதத்தில் பூத்து முடியும் காசித்தும்பைக்கு இது உறவு. ஆனால் குணம் வேறு. சோலைக்குள் இருப்பவற்றில் பல, ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

இம்பேஷியன்ஸ் என்ற இந்தப் பேரினத்தில் உலகில் 1000 இனங்களுக்கு மேல் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை அவை செறிந்திருக்கும் இடங்களில் ஒன்று. இங்குள்ளவற்றில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. நீலகிரியில் உங்களுக்கு ஏற்றது இம்பேஷியன்ஸ் லெஷெனோல்ட்டி. 1816இல் புதுச்சேரிக்கு வந்து தென்னிந்தியச் செடிகளைத் திரட்டிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயர் இது. முழங்கால் உயரத்துக்குக் குறையாமல் புதராக வளரும். வெள்ளைப் பூ, பின்னால் மெல்லிய வால். மங்கலான மூலையில் வெள்ளைப் பூ எடுப்பாகத் தெரியும். அதற்காகவே இதைச் சொல்கிறோம்.

நடும் முன் நிழலைச் சோதியுங்கள். நடுப்பகலில் அந்த இடத்தில் நின்று செய்தித்தாளைச் சிரமமின்றிப் படிக்க முடிகிறதா, நிமிர்ந்தால் தலைக்கு மேல் வானம் தெரிகிறதா? தெரிந்தால் பூக்கும். கூரையும் மரமும் சேர்ந்து அடைத்த இருட்டு மூலை என்றால் சோலைச் செடிகூடக் குச்சியாக நீண்டு சாயும்.

செடிக்குச் செடி 45 செ.மீ. விடுங்கள். உங்கள் 20 அடிக்கு ஒரு வரிசையில் 13 செடி வரும். ஒரே கோட்டில் நடாமல், மும்மூன்றாக முக்கோணம் போட்டு நட்டால் ஒன்றுக்கொன்று ஈரம் காக்கும். இரண்டு எச்சரிக்கை. கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடுங்கள். சொட்டும் தண்ணீர் தண்டின் அடியைத் தோண்டிவிடும். சிமென்ட் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். சுவர் ஓரத்து மண்ணில் சுண்ணாம்பு கசிந்திருக்கும்; இந்தச் செடிக்கு அது ஆகாது.

சோலைக்குள் கிடக்கும் கறுப்பு மண்ணில் இரண்டு மூட்டை எடுத்துவந்து பாத்தி போட்டால் நன்றாக வருமாமே?
– வாசகர், கொடைக்கானல்

நன்றாகத்தான் வரும். ஆனால் காப்புக்காட்டிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் மண், இலைமக்கு, செடி எதை எடுத்தாலும் வனச்சட்டப்படி குற்றம். கொடைக்கானல் வனப்பகுதி 2013 முதல் சரணாலயமும்கூட. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், சோலையில் அந்தக் கறுப்பு மண்ணைச் சுரண்டிய இடத்தில் அடுத்த மழைக்குக் களைதான் முளைக்கும்.

அந்த மண்ணை வீட்டிலேயே ஆக்கலாம். கோழிவலையை 3 அடி விட்டத்தில் வட்டமாக வளைத்து, 3 அடி உயரத்துக்கு உதிர்ந்த இலைகளைப் போடுங்கள். பிளம்ஸ், பேரி, பீச் இலைகள் சீக்கிரம் மக்கும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில் மரம்), பைன் இலைகள் வேண்டவே வேண்டாம். அவை மக்க நாளாகும், கற்பூர இலையின் எண்ணெய் நாற்றுக்கும் ஆகாது. ஒரு அடிக்கு ஒருமுறை சாணிக் கரைசல் ஒரு வாளி தெளியுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளறுங்கள். கீழ்நாட்டில் நான்கைந்து மாதத்தில் ஆவது மலைக் குளிரில் 8 முதல் 10 மாதம் பிடிக்கும். கையில் எடுத்துக் கசக்கினால் இலை உருவம் தெரியாமல் பொடிய வேண்டும், மழை மண் வாசம் வர வேண்டும். அதுதான் பதம்.

இந்த இலைமக்கு இரண்டு பங்கு, தோட்டத்துச் செம்மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு. பாத்தி 9 அங்குல ஆழம் போதும், வேர் அதற்குக் கீழே போவது குறைவு. நட்டபின் மேலே 2 அங்குலம் இலை மூடாக்கு. தண்டைச் சுற்றி மட்டும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் அங்கேதான் அழுகல் தொடங்கும்.

உரம்? ஆண்டுக்கு இருமுறை, செடிக்கு ஒரு கைப்பிடி நன்கு மக்கிய தொழுவுரம். அவ்வளவே. யூரியா கலந்து ஊற்றியவர்களின் செடி மளமளவென்று வளர்ந்து, தண்டு தண்ணீராகி, அசுவினிப் பூச்சி ஏறி, பூவே இல்லாமல் நிற்கும்.

நடும்போது பச்சையாக இருந்த இலைகள் இரண்டு மாதத்தில் மஞ்சளாகிவிட்டன. நரம்பு மட்டும் பச்சை. மண் நல்ல மண், முன்பு கேரட் போட்ட நிலம்.
– வாசகி, உதகை

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்பு மண். கேரட், உருளை, முட்டைக்கோஸ் போடுகிறவர்கள் அதைச் சரிக்கட்ட டோலமைட்டோ சுண்ணாம்போ போடுவது வழக்கம். கேரட்டுக்கு அது மருந்து, சோலைச் செடிக்கு அது நஞ்சு. சோலைக் காசித்தும்பைக்கு மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5 முதல் 6 வரை இருந்தால் சுகம். அதற்கு மேலே ஏற ஏற மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். கீழ் இலை முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் அது வேறு; தழைச்சத்துக் குறைவு, அல்லது வெறும் வயசு.

பிடுங்க வேண்டாம். லிட்டருக்கு 2 கிராம் இரும்பு சல்பேட் கரைத்துச் செடிக்கு அரை லிட்டர் வீதம், 15 நாள் இடைவெளியில் இருமுறை வேரில் ஊற்றுங்கள். புது இலை பச்சையாக வரும், பழைய இலை திரும்பாது. ஆனால் இது தற்காலிகம். அடுத்த பருவத்தில் 9 அங்குல மண்ணை எடுத்துவிட்டு முன்சொன்ன கலவையை நிரப்புவதே தீர்வு. விறகு அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடும் பழக்கம் இருந்தால் இந்தப் பாத்திக்கு மட்டும் நிறுத்துங்கள். சுண்ணாம்பைப் போலச் சாம்பலும் காரம்தான், மண்ணின் புளிப்பைக் குறைக்கும்.

மதியம் 12 மணிக்குச் செடி துவண்டு தொங்குகிறது. உடனே தண்ணீர் ஊற்றுகிறோம். இப்போது நிரந்தரமாகத் துவண்டுவிட்டது.
– வாசகர், கோத்தகிரி

முதல் நாள் துவண்டது தண்ணீர் இல்லாமல் அல்ல. இந்தச் செடியின் தண்டில் பெரும்பகுதி தண்ணீர். வெயிலோ காய்ந்த காற்றோ பட்டால் இலை விடும் நீருக்கு ஈடாக வேரால் அனுப்ப முடியாது, அதனால் தொங்கும். சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அதற்கு வேண்டியது தண்ணீர் இல்லை, நிழல். விரலை 2 அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் வாளியைக் கீழே வையுங்கள்.

நனைந்த மண்ணை மேலும் மேலும் நனைத்ததால் இப்போது அடித்தண்டு அழுகியிருக்கும். மண்ணை ஒட்டிய இடத்தை அழுத்திப் பாருங்கள். பழுப்பாகி நசுங்கினால் அந்தச் செடி பிழைக்காது. நுனியில் கெட்டியாக உள்ள கிளைகளை இன்றே வெட்டிப் பதியன் போட்டுவிட்டு, மிச்சத்தை வேரோடு எடுத்துப் பாத்திக்கு வெளியே எறியுங்கள். அந்தக் குழியில் ஆறு மாதத்துக்கு மறுபடி காசித்தும்பை வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் மணி போன்ற, உள்ளே சிவப்புப் புள்ளி விழுந்த வெளிர் நிறப் பூ உள்ள பால்சம் இருக்கிறது. விதை எடுக்கப் போனால் தொட்டதும் வெடித்துச் சிதறிவிடுகிறது. சில செடியில் காயே பிடிப்பதில்லை. எப்படி விதை சேர்ப்பது?
– வாசகி, பெருமாள்மலை, கொடைக்கானல்

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் இம்பேஷியன்ஸ் கேம்பனுலேட்டா. பழனி மலை உட்பட மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. பெயர் வைத்தவர் தாவரவியலாளர் ராபர்ட் வைட். மணி வடிவம் என்பதுதான் பெயரின் பொருள். கொடைக்கானல் நிழல் தோட்டத்துக்கு இதைவிட நல்ல செடி எங்களுக்குத் தோன்றவில்லை.

முதலில் காய் பிடிக்காத விஷயம். இந்தப் பூ பிறக்கும்போது ஆண், முதிரும்போது பெண். விரிந்த புதிதில் மகரந்தப்பைகள் ஒன்றாக ஒட்டி, சூல்முடியைத் தொப்பி போல மூடியிருக்கும். சில நாள் கழித்து அந்தத் தொப்பி கழன்று விழுந்த பிறகுதான் சூல்முடி வெளியே வரும். ஆகவே ஒரு பூவின் மகரந்தம் அதே பூவுக்கு உதவாது. வெவ்வேறு வயதுப் பூக்கள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும், தேனீ வர வேண்டும். ஒற்றைச் செடி, நாலே பூ என்றால் காய் பிடிப்பது அபூர்வம். மூன்று செடியாவது பக்கத்தில் இருக்கட்டும். அவசரமென்றால் மெல்லிய தூரிகையால் புதுப் பூவின் தொப்பியைத் தொட்டு, தொப்பி விழுந்த பழைய பூவின் நடுவில் தடவுங்கள். காலை 9 முதல் 11 வரை, பனி காய்ந்த பிறகு செய்தால் மகரந்தம் தூளாக இருக்கும்.

இனி விதை. காய் ஐந்து பட்டைகளாலானது. முற்ற முற்றப் பட்டைகளில் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். சின்ன அதிர்ச்சி போதும், சுருண்டு தெறிக்கும். அதனால் முற்றிய காயைக் கையால் பறிக்கப் போவதே தவறு. காய் பருத்து, கரும்பச்சை வெளுத்து, உள்ளே விதை நிழலாகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய கட்டத்திலேயே பை மாட்டிவிட வேண்டும். மெல்லிய வலைத்துணியில் விரல் நீளத்துக்குப் பை தைத்து, கிளையோடு சேர்த்து நூலால் தளர்வாகக் கட்டுங்கள். காலுறையை வெட்டிக் கட்டினாலும் போதும். பாலித்தீன் பை வேண்டாம். உள்ளே வியர்த்து விதை பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். பையில் விழுந்த விதை பழுப்பாக இருந்தால் முற்றியது. வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, முளைக்காது.

சேர்த்த விதையைப் பத்திரமாக டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டுக்கு வைப்பதுதான் நிறையப் பேர் செய்யும் பிழை. காய்ந்தால் முளைப்புத்திறன் விழும். எடுத்த வாரத்திலேயே விதையுங்கள். 3 அங்குல ஆழத் தட்டில் சலித்த இலைமக்கும் மணலும் சரிபாதி; நனைத்து, மட்டம் செய்து, விதையை மேலே தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும். மேலே மண் போட்டு மூடாதீர்கள். தட்டின் மேல் கண்ணாடி வைத்து, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பகலில் 18 முதல் 22 டிகிரி இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைவிடும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் இன்னும் தாமதமாகும். அவசரப்பட்டுத் தட்டைக் கொட்டிவிட வேண்டாம். தண்ணீரை மேலே தெளிக்காமல், தட்டை ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் கால்மணி நேரம் வைத்துக் கீழிருந்து உறிஞ்ச விடுங்கள். முளை வந்ததும் கண்ணாடியைச் சாய்த்துக் காற்றோட்டம் கொடுங்கள். மூடியே வைத்தால் நாற்று கழுத்தில் நூலாகிச் சரியும். நான்கு இலை வந்ததும் 4 அங்குலப் பைக்கு மாற்றலாம். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள்.

தெறித்துப் போன விதைகளைப் பற்றியும் கவலை வேண்டாம். அடுத்த மழைக்குப் பாத்திக்கு வெளியே முளைத்து நிற்கும். களை எடுப்பவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஜூலையில் 20 குச்சி நட்டோம், இருபதும் அழுகின. இதே முறையில் கொடைக்கானலில் உள்ள உறவினருக்கு எல்லாம் வேர் பிடித்தது.
– வாசகர், கூடலூர்

ஒரே ஜூலைதான், இரண்டு இடத்திலும் மழை ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை நேராக அடிக்கும். ஜூலையில் குச்சி ஊறியே செத்துப்போகும். கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரிக்கு அப்போது தூறலும் மேகமும்தான், கனமழை ஐப்பசியில். ஆக உங்களுக்கு ஏற்றது செப்டம்பர். அவர்களுக்கு ஜூன், ஜூலை.

பூ இல்லாத கிளையில் 8 முதல் 10 செ.மீ. நீளம், மூன்று கணு. கடைசிக் கணுவுக்குக் கீழே புது பிளேடால் வெட்டுங்கள்; கத்திரிக்கோல் நசுக்கும். கீழ் இலைகளையும் மொட்டுகளையும் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காய அரைமணி நேரம் நிழலில் போடுங்கள். மணல் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு. ஒரு கணு மட்டும் உள்ளே. 10 முதல் 15 நாளில் வேர் வரும். டம்ளர் தண்ணீரிலும் வேர் விடும், ஆனால் அந்த வேர் கண்ணாடி போல உடையும். மண்ணுக்கு மாற்றும்போது பாதி போய்விடும்.

வேலியோரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, வெளிர் ஊதாவில் தட்டையான பெரிய பூ பூக்கிறது. தண்டைச் சுற்றி இலைகள் வட்டமாக. இதுவும் சோலைப் பூதானே?
– வாசகர், கொடைக்கானல்

இல்லை. அது இம்பேஷியன்ஸ் சோடெனி, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தோட்டச் செடியாக வந்தது. ஒரு கணுவில் ஆறு, எட்டு இலை சக்கரமாக இருப்பதும், 5, 6 செ.மீ. அகலத் தட்டைப் பூவும் அதன் முத்திரை. தொட்டியில் எல்லா நிறத்திலும் விற்கும் இம்பேஷியன்ஸ் வாலேரியானாவும் ஆப்பிரிக்கச் செடிதான். வீட்டுக்குள் தொட்டியில் இருக்கும்வரை பகையில்லை. ஓடைக்கரையிலும் சோலை ஓரத்திலும் விட்டால் நம் செடி நிற்கிற அதே ஈர நிழலைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய தண்டை ஓடையில் வீசாதீர்கள். போய் ஒதுங்கிய இடத்தில் வேர் விடும். வெயிலில் பரப்பிக் காய்ந்து சுருங்கிய பிறகு குப்பைக் குழியில் போடுங்கள்.

உறைபனியில் முழுச்செடியும் கறுத்துப்போனது. பிடுங்கிவிடலாமா?
– வாசகி, தலைகுந்தா, உதகை

உங்கள் ஊர்ப் பனியைச் சொல்லவே வேண்டாம். சோலைக்குள் மரக்கூரை இருப்பதால் தரையில் உறைபனி இறங்குவதில்லை. திறந்த பள்ளத்தில்தான் இறங்குகிறது. சோலைச் செடிக்கு அதைத் தாங்கும் பழக்கம் இல்லை. தண்டிலுள்ள நீர் உறைந்து திசு கிழிந்துவிடும், அதுதான் கறுப்பு.

இப்போது வெட்டவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். கருகிய மேல்பகுதியே கீழ்க்கணுவுக்குப் போர்வை. பிப்ரவரி முடிந்து பனி விட்டதும் அடியில் கெட்டியாக உள்ள கணுவுக்கு ஒரு விரல் மேலே வெட்டுங்கள், துளிர் வரலாம். வரும் ஆண்டு நவம்பர் கடைசியிலேயே செடிக்கு மேல் குச்சி நட்டு, மிலார் செடியின் கிளைகளைப் போட்டு மூடுங்கள். தாவரவியல் பூங்காவில் நாற்றுகளுக்குச் செய்வது போல. மிலார் இல்லையென்றால் கோணிச்சாக்கு, ஆனால் இலையில் படாமல். காலை 9 மணிக்கு எடுத்துவிட வேண்டும். பாலித்தீன் தாளை இலைமேல் நேராகப் போர்த்தினால் பட்ட இடமெல்லாம் கருகும். இதெல்லாம் முடியாதவர்கள் அக்டோபரிலேயே நான்கு குச்சி வெட்டித் தொட்டியில் வைத்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். எங்களைக் கேட்டால் தலைகுந்தாவுக்கு இதுவே மேல்.

பாறைப் பாசியில் ஒட்டியிருந்த குட்டிப் பால்சம் ஒன்றைப் பெயர்த்து வைத்தேன். மார்ச்சில் இலையெல்லாம் போய்விட்டது.
– வாசகர், கொடைக்கானல்

பாறையிலிருந்து பெயர்த்திருக்கக் கூடாது, அதை முதலில் சொல்லிவிடுகிறோம். இம்பேஷியன்ஸ் ஸ்கேப்பிஃப்ளோரா போன்றவை தரையோடு சில இலை, நடுவில் ஒரு பூக்காம்பு, அடியில் சிறு கிழங்கு என்று இருப்பவை. மழை நின்றால் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்கு உறங்கும். அது சாவில்லை. செத்தது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினால்தான் அழுகிச் சாகும். தொட்டியை மழை படாத நிழலில் வைத்து, மாதம் இருமுறை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நனையுங்கள். கோடை மழையில் துளிர்த்தால் வழக்கம்போலத் தண்ணீர் விடலாம். தோட்டத்துக்கு இந்த வகையை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

மதுரையில் மாடித் தோட்டத்தில் நிழல்வலைக்குள் சோலைக் காசித்தும்பை வருமா?
– வாசகி, மதுரை

வராது. நிழல்வலை வெயிலை மறைக்கும். இரவுச் சூட்டை மறைக்காது. சாதாரணக் காசித்தும்பையை ஐப்பசியில் விதையுங்கள்.

எங்கள் காபித் தோட்ட ஓரத்தில் பாம்பு படம் எடுத்தது போன்ற பூ, குடை போல விரிந்த ஒற்றை இலை. இதைக் காசித்தும்பையோடு சேர்த்து நடலாமா? சில மாதம் காணாமல் போகிறது.
– வாசகர், தாண்டிக்குடி

அரிசீமா. நல்ல ஜோடி. அதன் கிழங்கு வறட்சியில் உறங்கும், கோடை மழைக்கு எழும். இடைக்காலத்தில் பாத்தி வெறிச்சோடாமல் காசித்தும்பை நிற்கும். உங்கள் நிலத்தில் இருப்பதால் உறக்கத்தில் தோண்டி, 4 அங்குல ஆழத்தில், அடியில் ஒரு கைப்பிடி மணல் வைத்து நடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சேனையைப் போல அரிக்கும். நட்ட இடத்தில் குச்சி அடையாளம் இல்லாவிட்டால் மண்வெட்டியில் இரண்டாக வெட்டிவிடுவீர்கள். ஒரு வேடிக்கை: இந்த இனத்தில் கிழங்கு சிறுத்திருந்தால் ஆண் பூ, பெருத்தால் பெண் பூ. பெண்ணாகிக் காய்த்து இளைத்த கிழங்கு அடுத்த ஆண்டு மீண்டும் ஆணாகலாம். ஆகவே காய் வரவில்லை என்றால் கிழங்குக்கு வயதும் இலைமக்கும் கொடுத்துக் காத்திருங்கள்.

நத்தை இலையைத் தின்கிறது, உப்புத் தூவலாமா? காட்டெருமையும் வருகிறது.
– வாசகி, கொடைக்கானல்

உப்பு நத்தையோடு செடியையும் மண்ணையும் சேர்த்துக் கொல்லும். சாயங்காலம் நனைந்த கோணியையும் இரண்டு முட்டைக்கோஸ் இலையையும் பாத்தி ஓரத்தில் போட்டு வையுங்கள். காலையில் அடியில் கூடியிருக்கும் நத்தைகளை, ஓடில்லாதவை உட்பட, பொறுக்கி எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் தொடர்ந்து பத்து நாள் செய்தால் கணிசமாகக் குறையும். மூடாக்கைத் தண்டிலிருந்து தள்ளி வைப்பதும் உதவும்.

காட்டெருமைக்கு எங்களிடம் மருந்தில்லை. அது இந்தச் செடியைத் தின்பதைவிட மிதிப்பதே அதிகம். அது வழக்கமாக நடக்கும் தடத்தைப் பார்த்து, அதைவிட்டு ஆறேழு அடி தள்ளிப் பாத்தி போடுங்கள். தடத்தை அடைத்து வேலி போட்டால் வேலியும் போகும்.